என் பிரேக்குல ஒண்ணுமில்ல மேடம்

இலவசம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், லாரிக்காரர் முகத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சும்மா மாற்றித் தருகிறார்கள் என்றால் வேறு எதையோ கழற்றப் போகிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான் அவர் கணக்கு. லாரி, பஸ் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் நான் பிரேக் மெக்கானிக். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் வருவதே நின்றுவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். நிற்கவில்லை.

விஷயம் இதுதான். கம்பெனி தான் விற்ற லாரி, பஸ்களில் ஒரு மாடலைத் திரும்ப அழைத்திருந்தது. ரீகால் என்பார்கள். அந்த வண்டிகளில் ஏபிஎஸ் உண்டு. அவசரத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் இறுகி வண்டி வழுக்கிக்கொண்டு போகாமல், தானே விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு. அதற்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது, டிபன் டப்பா அளவில். அந்தப் பெட்டியின் ரப்பர் சீல் சரியில்லை. மழைக்காலத்தில் ஈரம் உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கினால் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். சக்கரம் இறுகாதபோதே இறுகிவிட்டதாக நினைத்துக்கொண்டு பிடித்த பிரேக்கை விட்டுவிடும். கால் பெடலில் இருக்கும், பிரேக் இருக்காது. சில விநாடிதான். ஆனால் லோடு ஏற்றிய லாரி மலை இறக்கத்தில் இருக்கும்போது அந்தச் சில விநாடி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், பாதி நாளில் பெட்டியை மாற்றித் தருகிறோம் என்று சொன்னோம். யார் வருகிறார்கள்? பாதி நாள் நின்றால் ஒரு லோடு போய்விடுமாம். பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக்கொள்கிறேன் என்றார் ஒருவர். அதை மட்டும் செய்யவே கூடாது என்று கம்பெனி தனியாகச் சொல்லியிருந்தது. டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா என்று இன்னொருவரிடம் கேட்டேன். இல்லையே என்றார். எட்டிப் பார்த்தால் விளக்கின் மேல் பல் தெரியச் சிரிக்கும் குழந்தை ஸ்டிக்கர். எரிந்துகொண்டே இருந்தது கண்ணை உறுத்தியதாம், ஒட்டிவிட்டாராம். நான் அவரைத் திட்டியதில் பக்கத்து ஷெட்டில் வேலை நின்றுவிட்டது.

இப்படிப்பட்டவர்களைப் போனில் கூப்பிட்டுத் தாஜா பண்ணி வரவழைப்பதுதான் என் மனைவியின் வேலை. ஒர்க்‌ஷாப்புக்கு மாடியில் கண்ணாடி அறை. என்ன பேச வேண்டும் என்பதைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து இப்படி அப்படி விலகக் கூடாது. எல்லா அழைப்பும் பதிவாகும். பதிவானதை உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஒரு சூப்பர்வைசர் உண்டு. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காது. மனிதர் அதிகம் பேச மாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஹெட்போனை மாட்டியதும் என் மனைவிக்கு வேறு குரல் வந்துவிடும். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடாதீர்கள் என்று வீட்டில் என்னிடம் சொல்கிற குரலையும், "வணக்கம் சார், ஒரு நிமிஷம் உங்ககிட்ட பேசலாமா?" என்கிற குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு பெண்கள் என்று சத்தியம் செய்வீர்கள். அந்த இரண்டாவது பெண்ணைக் கொஞ்சம் வீட்டுக்கும் கூட்டி வா என்று பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம் அவள் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "இந்த ரீகால்ல தம்பி வண்டியும் வருது" என்றாள். கையில் எடுத்த கவளத்தை நான் டப்பாவிலேயே வைத்தேன்.

அவளுக்கு ஒரே தம்பி. சொந்தமாக ஒரே ஒரு லாரி. அதைத் தானே ஓட்டுகிறான். டைல்ஸ் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்குவான். நாலு வருஷமாக அக்காவோடு பேச்சு இல்லை.

என் மாமனாரும் லாரி ஓட்டியவர்தான். அவர் இறந்த அன்று தம்பி லோடோடு வெளியூரில் இருந்தான். நல்ல மழை. செய்தி போனதும் கிளம்பிவிட்டான். ஆனால் அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவனுக்காக இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் மனைவிதான் ஒற்றைக்காலில் நின்று எடுக்கச் சொன்னாள். ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்கே புரியவில்லை. கேட்டேன். ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றாள். மாலையில் தம்பி நனைந்த சட்டையோடு வாசலில் வந்து நின்றான். அப்பா படுத்திருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான்.

"ரெண்டு மணி நேரம். எனக்காக ரெண்டு மணி நேரம் உன்னால இருக்க முடியலையா?"

இவள் வாயே திறக்கவில்லை. அவன் அப்படியே திரும்பிப் போனான். அதற்குப் பிறகு இவள் எத்தனை தடவை போன் செய்தாலும் எடுக்கவில்லை. செய்து செய்து ஓய்ந்துபோய் விட்டுவிட்டாள். என்னோடு அவனுக்குப் பேச்சு உண்டு. எங்கள் மகளுக்கு அவன் தாய்மாமன், அவள் மேல் உயிர். தெருமுனையில் லாரியை நிறுத்தி அவளை வரவழைத்துக் கொஞ்சுவான், கை நிறைய வாங்கிக் கொடுப்பான். வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டான். இவள் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி பாத்திரம் தேய்க்கப் போவாள்.

அவன் வண்டிக்கு முதலில் இவளுக்குப் பக்கத்து மேஜைப் பெண் போன் போட்டாள். நல்லாத்தான் ஓடுது என்று பட்டென்று வைத்துவிட்டான். அடுத்து நான் கூப்பிட்டேன். "மாமா, வேலை இருக்கு, வைங்க" என்றான். பிறகு ஒரு காலையில் இவளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் எண்ணை அழுத்தினாள். சொந்த போனிலிருந்து அழைத்தால் எடுக்க மாட்டான், கம்பெனி எண் என்றால் எடுப்பான் என்று கணக்கு. அவன் பேசியதை அவள் அன்றைக்கே எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"வணக்கம் சார். வண்டி ஓனர்கிட்டதான் பேசுறேனா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குரலைக் கண்டுபிடித்துவிட்டான். வைக்கப் போகிறான் என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

"சொல்லுங்க மேடம்" என்றான் அவன்.

தம்பி என்று கூப்பிட இவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனாலும் காது கேட்டுக்கொண்டிருப்பார். எழுதிக் கொடுத்ததை முழுக்க வாசித்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"என் பிரேக்குல ஒண்ணுமில்ல மேடம். ஈர ரோட்டுல எப்படி நிறுத்தணும்னு எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. மிதிச்சு விட்டு, மிதிச்சு விட்டு. நிக்கும்."

"இந்த வண்டியில அப்படி மிதிக்கக் கூடாது சார்."

"எங்கப்பாவ விட உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"உங்கப்பா ஓட்டின வண்டி வேற சார்."

அவள் சொன்னது சரிதான். என் மாமனார் காலத்து வண்டியில் ஏபிஎஸ் கிடையாது. வழுக்கும் ரோட்டில் கால் விட்டு விட்டு மிதிப்பதுதான் அப்போது நல்ல டிரைவருக்கு அழகு. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அழுத்தி மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும், மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அதுவும் பழுதான பெட்டி இருக்கிற வண்டியில், ஒவ்வொரு மிதிக்கும் அது புதிதாக ஏமாந்து புதிதாகப் பிரேக்கை விடும். லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது, டேங்கில் இருக்கிற அந்தக் காற்றும் சீக்கிரம் தீரும். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன்கூட ஒருவேளை தப்பிவிடுவான். அப்பா சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்கிற இவன்தான் முதலில் மாட்டுவான்.

இவள் மறுநாளும் அழைத்தாள். அவன் எடுத்தான். அதற்கு அடுத்த நாளும் எடுத்தான். பக்கத்து மேஜைப் பெண் போட்டால் துண்டிக்கிறவன், இவள் போட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறான். வண்டியை எப்போது கொண்டு வருகிறீர்கள் சார் என்றால் பார்க்கலாம் மேடம். இந்த வாரம் முடியுமா சார் என்றால் சொல்றேன் மேடம். இப்படியே ஓடியது.

கம்பெனி எழுதிக் கொடுத்ததில் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா சார் என்று கேட்டுத்தான் முடிக்க வேண்டும். ஒரு நாள் அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"எங்கக்கா பொண்ணுக்குப் பல்லு விழுந்துடுச்சாம் மேடம். எங்க மாமா சொன்னாரு. எந்தப் பல்லுன்னு அவரக் கேட்டா அவருக்குத் தெரியல."

"மேல் முன்பல் சார்."

"வலிச்சுதாமா?"

"இல்ல சார். ஆப்பிளக் கடிக்கும்போது தானா விழுந்துச்சு சார்."

"சரிங்க மேடம். நன்றி."

எந்தப் பல் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவன் என்னிடம் கேட்கவே இல்லை. என்னை எதற்கு இழுக்கிறான் என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே கத்திரிக்காய் நறுக்கினாள். நாலு வருஷத்தில் தம்பி பேரைச் சொல்லி அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இவளும் சளைத்தவள் இல்லை. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுக்கும்படி கம்பெனி கேட்டுக்கொள்கிறது சார் என்று சேர்த்துக்கொண்டாள். எந்தக் கம்பெனி மேடம் இதெல்லாம் சொல்லுது என்றான் அவன். எங்க கம்பெனி சார் என்றாள். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்வது, இருமல் கேட்டால் வெந்நீர் குடிக்கச் சொல்வது, எல்லாம் கம்பெனி பெயரில்தான் போனது. எங்கள் கம்பெனி அவ்வளவு நல்ல கம்பெனி இல்லை. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கூடப் பிறந்த இரண்டு பேர் சார் மேடம் போட்டுத்தான் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாள்கள் போயின. வானம் மூட்டம் போட ஆரம்பித்தது. வண்டி வந்தபாடில்லை. ஒத்துழைக்காத வாடிக்கையாளர் என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாமே என்று காது ஒரு தடவை மெதுவாகச் சொன்னாராம். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் சார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்த கையோடு டைல்ஸ் லோடு ஏற்றும் யார்டுக்குப் போய்விட்டேன். லாரி வரிசையில் நின்றது. அவன் டயர் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இன்னொரு டீ சொன்னான். டீயை வாங்கிக்கொண்டே திட்டினேன். உனக்கு மண்டையில் ஏதாவது இருக்கிறதா, அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவன் நான், உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி பூத்துக் கிடக்கிறது, நீ அதை நம்பி மலை இறங்குகிறாய். அரை நாள் நிறுத்தினால் குடியா முழுகிப்போகும் என்று கேட்டேன்.

அவன் எதிர்த்துப் பேசுவான் என்றுதான் நினைத்தேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டிய மாத்திட்டா அப்புறம் அவங்க கூப்பிட மாட்டாங்கல்ல மாமா."

எவங்க என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். லாரி மாதிரி உடம்பு. தாடியில் தூசி. இந்த ஆள் அக்கா குரலைக் கேட்பதற்காகப் பழுதான பிரேக்கோடு மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். அறையலாமா, அணைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. நீயே கூப்பிட்டால் என்ன கைக்குச் சுளுக்கா பிடித்துவிடும் என்றேன். நான்தான் பேச்சை நிறுத்தினேன், நானே எப்படி மாமா போய் நிற்பது என்றான். அந்த வீட்டுப் பிடிவாதத்தை வைத்து ஒரு பாலமே கட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் இவளிடம் சொன்னேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் எடுத்த துணியை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அப்ப நான் கூப்பிடக் கூப்பிடத்தான் அவன் வராம இருந்திருக்கானா?" என்றாள். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததே மழையோடு. புதுப் பெட்டிகள் வந்திருந்தன, எண் சரிபார்க்க மாடிக்குப் போனேன். அவள் அவனுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி, ஹெட்போனில் ஒரு பக்கத்தை விலக்கி என் காதில் வைத்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

"வணக்கம் சார்."

"சொல்லுங்க மேடம்."

அவன் பக்கமும் மழைச் சத்தம். லோடு ஏற்றியாகிவிட்டது, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறோம், கட்டியதும் மலைக்குக் கிளம்புகிறேன் என்றான். இவள் எழுதியிருந்ததை வேக வேகமாக வாசித்து, இன்றைக்கே வண்டியைக் கொண்டு வர முடியுமா சார் என்று முடித்தாள்.

அவன் கேட்டான்.

"லோடை வேற வண்டிக்கு மாத்திட்டு நான் அங்க வர்றதுக்கு நேரமாயிடும் மேடம். மழை வேற. உங்க கம்பெனியில கஸ்டமருக்காக இருப்பீங்களா? இல்ல, அவன் வந்தா வரட்டும்னு முடிச்சிட்டுப் போயிடுவீங்களா?"

எனக்கே சுருக்கென்றது. எழுதிக் கொடுத்த பக்கத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா போன அன்னைக்கு நீ போன் பண்ணப்ப எனக்கு என்ஜின் சத்தம் கேட்டுச்சுடா" என்றாள். கம்பெனிக் குரல் போய் வீட்டுக் குரல் வந்துவிட்டது. "மலை இறங்கிட்டிருக்கேன், வந்துட்டேன், இருங்கன்னு சொன்ன. ஆனா வண்டி கியர்ல இல்ல. நியூட்ரல்ல விட்டுட்டு வந்துக்கிட்டிருந்த. நானும் டிரைவர் பொண்ணுதானடா, அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? மழையில, அழுதுக்கிட்டே, நியூட்ரல்ல."

கியரில் இருந்தால் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் வண்டி பறக்கும், பிடிப்பதற்குப் பிரேக் ஒன்றுதான். அவசரத்தில் இருக்கிற டிரைவர்கள் செய்கிற முட்டாள்தனம் அது. அன்றைக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு மழையில் வெளியே போய் நின்றது எனக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"அதனாலதான் எல்லாம் முடிஞ்சிருச்சு, மெதுவா வான்னு சொன்னேன். அப்ப எதுவுமே முடியல. அப்பாவ வீட்ட விட்டு எடுக்கக்கூட இல்ல. உங்கிட்ட சொல்லிட்டேன்ல, நடுவுல யாராவது உனக்குப் போன் பண்ணி இன்னும் எடுக்கலன்னு சொன்னா நீ மறுபடி பறப்ப. அதான் முடிச்சேன். ஒரே நாள்ல ரெண்டு பேரையும் என்னால பறிகுடுக்க முடியாதுடா."

லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான் போல.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா உன் மேலயே உனக்குக் கோபம் வரும். நம்மளாலதான் அப்பா முகத்தப் பார்க்க முடியலன்னு காலம் பூரா நினைச்சுக்கிட்டிருப்ப. அந்தக் கோபம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். அவசரக்காரி, பிடிவாதக்காரி என்று நானும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவளை அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையெல்லாம் கிரீஸ். தோளால் தோளை இடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவன் விசும்புவது கேட்டது. பெரிய ஆம்பளை அழும் சத்தம், ஏற்றத்தில் திணறுகிற வண்டி மாதிரி விட்டு விட்டு வந்தது.

"அப்பா முகத்த நான் பார்க்கலக்கா" என்றான்.

"தெரியும்டா."

இரண்டு பேரும் அழுதார்கள். பக்கத்து மேஜைப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். முதலில் சமாளித்துக்கொண்டவள் இவள்தான்.

"இங்க பாரு, நீ வண்டியக் குடுத்தாலும் நான் கூப்பிடுவேன். தினமும் கூப்பிடுவேன். போதும் விடுக்கான்னு நீ கதறுற வரைக்கும் கூப்பிடுவேன். இப்ப லோட மாத்து. மலைப்பக்கம் போகாத. இங்க வர்ற ரோடு சமம்தான், வெறும் வண்டியா உருட்டிக்கிட்டு வா. பிரேக்க விட்டு விட்டு மிதிக்காத. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, மெதுவா வா. நான் இருக்கேன்."

சரிக்கா என்றான். பழக்கதோஷம், இவள் உடனே எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி சார் என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள்.

யார்டில் அவனுக்கு நன்றாகத் திட்டு விழுந்திருக்கிறது. ஏற்றிய லோடை இறக்க ஆளும் சட்டென்று கிடைக்கவில்லை. மதியத்துக்கு மேல்தான் கிளம்புகிறேன் என்று எனக்குச் செய்தி அனுப்பினான். ஓட்டும்போது போன் பண்ணாதீர்கள் என்று இவள் எனக்குத் தடை போட்டுவிட்டாள். தானும் போனைத் தொடவில்லை. மழை விடாமல் அடித்தது. அவன் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியது. ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் மாடி ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கீழே நான் ஒரே நட்டை மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

மூடும் நேரம் வந்தது. ஆள்கள் ஒவ்வொருவராகக் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியாகக் காது இறங்கி வந்தார். விதியை மீறி அவ்வளவு பேசியிருக்கிறாள், மனிதர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் எழுந்து நின்றேன். வாய்க்கு வந்தபடி இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுக்கவும் தயாராகத்தான் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில ஒரு போன் கால் சரியாப் பதிவாகல. மழையில லைன்ல ஏதோ கோளாறு போல" என்றார். கேட் சாவியை என் கையில் வைத்தார். "அவசரமில்ல. இருந்து பூட்டிட்டுப் போங்க."

இவள் இறங்கிவந்து கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரையடியில் நின்றாள். உள்ளே உட்காரு, சாரல் அடிக்கிறது என்றேன். காதில் வாங்கவில்லை. ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன், அதிலும் உட்காரவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் ஏன் இன்னும் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்த ஒரே நினைப்புதான். மெதுவாகத்தானே வரச் சொன்னோம், மெதுவாக வருகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டின் இரண்டு கதவையும் அவள் முழுக்கத் திறந்து வைத்தாள். காற்றில் சாத்திக்கொள்ளாமல் கையால் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஹார்ன்தான் கேட்டது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். பிறகு மழைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தன. பின்னாலேயே கார்களும் பஸ்களுமாக ஒரு நீள வரிசை, ஆளாளுக்கு அலறிக்கொண்டு. அவன் எதையும் சட்டை செய்யவில்லை. இண்டிகேட்டர் போட்டு, நிதானமாகத் திரும்பி, கேட்டுக்குள் வந்து, காலை எடுக்காமல் அழுத்தி மிதித்து நிறுத்தினான். என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இவளும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பிறகு கதவைத் திறந்து இறங்கினான். நாலு வருஷத்துக்குப் பிறகு எதிரெதிரே நிற்கிறார்கள். அவள் முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்ட எக்கினாள். எட்டவில்லை. அவன் குனிந்து கொடுத்தான்.

"வழியெல்லாம் பின்னாடி வந்தவன் கண்டபடி திட்டினான்க்கா" என்றான் குனிந்தபடியே. "நீ இருப்பேன்னு தெரியும். அதான் நான் அவசரப்படல."